பக் நாயா, பொமரேனியனா? முதலில் மாமியைக் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் ஆரையம்பதியில் இருக்கிறோம். நான் ஆசிரியை, கணவருக்குக் கல்முனையில் வங்கி வேலை. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 5. எங்களோடு 71 வயதான மாமியும் இருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம், முழங்கால் நோ. பொல்லு ஊன்றித்தான் நடப்பார், ஒரு கண்ணில் பார்வை மங்கல். காலை ஏழு மணிக்கு நாங்கள் வெளிக்கிட்டால் இரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவோம். பிள்ளைகள் சின்ன நாய் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மகனுக்குப் பக் வேண்டுமாம், மகளுக்கு வெள்ளைப் பொமரேனியன். டாஷ்ஹண்ட் என்றால் காவலுக்கும் ஆகும் என்பது கணவரின் கணக்கு. சுவிஸில் இருக்கும் அண்ணா, எதை எடுத்தாலும் காசு தான் தருவதாகச் சொல்கிறார். "நாயென்றால் ஊர் நாய் போதாதா?" என்று மாமி மட்டும் முணுமுணுக்கிறார். வீட்டின் முன்பாதி ஓடு, பின்பாதி சீற் கூரை. வளவு முழுக்க மணல். அடுத்த வீட்டு முஸ்லிம் பிள்ளைகள் பின்னேரங்களில் விளையாட வருவார்கள். எங்களுக்கு எந்த நாய் சரிவரும், டொக்டர்?

பதில்: சகோதரி, உங்கள் வீட்டில் நாயைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் அந்த நாயோடு பகல் முழுக்க இருக்கப்போகிறவரை யாரும் உட்கார வைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் முணுமுணுத்ததைத்தான் எழுதியிருக்கிறீர்கள். கிழமைக்கு ஐந்து நாள், ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை, அந்த நாய்க்கு மாமியை விட்டால் ஆளில்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால் நிமிர்த்தி வைப்பதும், வெயில் ஏறினால் உள்ளே கூப்பிடுவதும், வாந்தி எடுத்தால் முதலில் காண்பதும் அவர்தான். மகனின் ஆசையும் மகளின் ஆசையும் பின்னேர ஆசைகள். நாய் மாமியின் பகலுக்குப் பொருந்த வேண்டும். என் பதில் முழுவதும் இதை வைத்துத்தான்.

மாமியின் காலிலிருந்தே தொடங்குகிறேன். சின்ன நாய் என்றால் வயதானவர்களுக்கு வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். தூக்க வசதிதான், ஆனால் தடுக்கி விழவும் அதே அளவு வசதி. குட்டி நாய் ஆளின் குதிக்காலை ஒட்டியே ஓடும், ஆள் நின்றால் அந்த இடத்திலேயே குறுக்கே படுத்துவிடும். பார்வை மங்கிய ஒருவர் குசினியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பும்போது, சாம்பல் நிறச் சீமெந்துத் தரையில் கறுப்பு நாய் ஒன்று படுத்திருந்தால் தெரியுமா? எழுபது வயதுக்கு மேல் ஒரு தடவை விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம். அதனால் உங்கள் வீட்டுக்கு வெள்ளை, இளம் பழுப்பு போன்ற வெளிர் நிற நாய்தான் நல்லது. கழுத்துப் பட்டியில் ஒரு சின்ன மணியும் கட்டிவிடுங்கள். அழகுக்கு அல்ல, மாமியின் காதுக்கு.

அடுத்தது மாமியின் பாதம். சீனி வருத்தம் நாள்பட்டவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். விரலிடுக்கில் சிறு வெடிப்பு இருந்தாலும் தெரியாது. நாய்க்குப் புண் வாசம் பிடித்தால் நக்கும், சில குட்டிகள் பல்லாலும் சுரண்டும். நாயின் வாயில் இயல்பாகவே இருக்கும் கிருமிகள் அப்படிப்பட்ட புண்ணுக்குள் போனால் நிலைமை கெட்டுவிடும். அதற்காக நாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமி வீட்டுக்குள்ளும் செருப்புப் போடட்டும், இரவில் பாதத்தை யாராவது ஒருவர் பார்த்துவிடுங்கள், கட்டிலில் நாய் ஏறக்கூடாது. பல் தினவெடுத்துக் கண்டதையெல்லாம் கடிக்கும் இரண்டு மூன்று மாதக் குட்டி இந்த வீட்டுக்கு வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உங்கள் மகள். ஐந்து வயதுப் பிள்ளை நாயைத் தூக்கத்தான் செய்யும், தூக்கினால் ஒருநாள் கைதவறத்தான் செய்யும். இரண்டு கிலோ நாயின் முன்னங்கால் எலும்பு பென்சில் தடிப்புக்கூட வராது. கதிரை உயரத்திலிருந்து விழுந்தாலே முறியும். சிவாவா, அசல் பொமரேனியன், 'டீகப்' என்று சொல்லி விற்கிற கைக்குள் அடங்கும் நாய்கள் எல்லாவற்றையும் இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 'டீகப்' என்று தனியாக ஓர் இனமே கிடையாது. சிறிய இனங்களில் மேலும் சிறியதைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கியவை அவை, குட்டியில் ஒரு வேளை தீன் தவறினாலே இரத்தத்தில் சீனி இறங்கிச் சுருண்டு விழக்கூடியவை. மறுபுறம், பத்துக் கிலோவுக்கு மேல் போனால் சந்தோசத்தில் ஒரு தடவை பாய்ந்தாலே மாமி நிலைதடுமாறுவார். ஆக, உங்களுக்கான நிறை ஆறு முதல் ஒன்பது கிலோ வரை.

இப்போது மகனின் பக்குக்கு வருவோம். நிறைக் கணக்கில் பக் பொருந்தும், ஆறு முதல் எட்டுக் கிலோதான். குணமும் நல்லது, பிள்ளைகளோடு ஒட்டும், அதிகம் குரைக்காது. இருந்தும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். உடல் சூட்டை இறக்க அதற்கு இருக்கும் பெரிய வழி, நாக்கைத் தொங்கவிட்டு வேகமாக மூச்சிழுத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குவது. பக்கின் முகத்தை மனிதர்கள் தட்டையாக்கிவிட்டார்கள், உள்ளே இருக்கும் சதை மட்டும் குறையவில்லை. மூக்குத் துவாரம் ஒரு கீறல் போல ஒடுங்கியிருக்கும், மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுக்குழாய் வாயில் தொங்கும். ஆட்கள் ரசிக்கிற அந்தக் குறட்டை உண்மையில் மூச்சுக்கான போராட்டம்.

அப்படிப்பட்ட நாயை மட்டக்களப்புக் கரையில், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், சீற் கூரையின் கீழ் இரண்டு மணி வரை விட்டுவிட்டுப் போவதை யோசித்துப் பாருங்கள். கடல் ஈரம் ஏறும் நாட்களிலோ ஆவியாதலும் மந்தம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. அது 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். நாக்கு கருஞ்சிவப்பாகும், எச்சில் தடித்து நூலாக வடியும், கால் பின்னும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, குழாய்த் தண்ணீரால் உடல் முழுக்க நனைத்து, ஃபேனுக்குக் கீழே வைத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது. எழுபத்தொரு வயதில் முழங்கால் நோவோடு இருப்பவர் இதைத் தனியாகச் செய்வாரா? ஏசி அறையும், பகலில் வலுவுள்ள ஓர் ஆளும் இருக்கிற வீட்டில் பக்கை வளர்க்கலாம். பிரெஞ்சு புல்டோக் கேட்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான். போன் திரையில் அவை அழகாகத் தெரிவதற்குக் காரணம், திரையில் மூச்சுச் சத்தம் கேட்காது.

டாஷ்ஹண்ட் விஷயத்தில் உங்கள் கணவர் பாதி சரி. குரல் நாயின் உருவத்துக்குப் பெரியது, கேற்றடியில் ஆள் நிழல் தெரிந்தாலே அறிவித்துவிடும். வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் அது ஜெர்மனியில் பொந்துக்குள் புகுந்து வளைக்கரடியோடு சண்டை பிடிக்க உருவாக்கப்பட்ட நாய். மணல் வளவு கிடைத்தால் தோண்டும், உங்கள் கத்தரிப் பாத்தி போச்சு. தோண்டுவதாவது பரவாயில்லை. பொந்தில் அசைவது எதுவானாலும் விடாது. எலியென்றால் நன்மைதான், புடையனோ நாகமோ என்றால் கதை வேறு. மாரி தொடங்கி வளவில் தண்ணீர் ஏறும்போது பாம்புகள் மேட்டு நிலம் தேடி வீட்டுப் பக்கம் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. பின்வாங்கத் தெரியாத நாய் முகத்திலேயே கடி வாங்கும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை அதன் முதுகு. நீண்ட உடல், கட்டைக் கால். முதுகெலும்பு வட்டுகள் இளவயதிலேயே இறுகி, ஒருநாள் கதிரையிலிருந்து குதிக்கும்போது பிதுங்கி நரம்பை நெருக்கும். பின்னங்கால்கள் இரண்டும் இழுபடும். இந்தத் தொல்லை வேறு எந்த இனத்தையும் விட டாஷ்ஹண்ட்டில் அதிகம். நடக்க முடியாத நாயைத் தினமும் தூக்கி மலசலத்துக்குக் கொண்டுபோக உங்கள் வீட்டில் பகலில் யார் இருக்கிறார்?

மகளின் வெள்ளைப் பொமரேனியனுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. அசல் பொமரேனியன் மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. இங்கே 'பொமரேனியன்' என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்படுபவற்றில் பெரும்பாலானவை ஆறேழு கிலோ வரும் வெள்ளை ஸ்பிட்ஸ் வகை, அல்லது அதற்கும் ஊர் நாய்க்கும் பிறந்த கலப்பு. இதில் ஏமாந்துவிட்டோமே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டுக்கு அசலைவிட இந்தக் கலப்புத்தான் நல்லது. முகம் நீளம், மூச்சு தாராளம், எலும்பு உறுதி, நிறம் வெள்ளை.

குறை என்றால் இரண்டு. ஒன்று, குரைப்பு. ஸ்பிட்ஸ் வகைக்குக் காகம் பறந்தாலும் சொல்லியாக வேண்டும். மற்றது முடி. அது குளிர்நாட்டு நாயின் இரட்டை முடி. மேலே நீளமுடி, கீழே பஞ்சு. வெயிலுக்கு இதம் என்று மொட்டையடித்துவிடாதீர்கள். சில நாய்களுக்கு அதன்பின் முடி ஒழுங்காக வளராது, தோலும் வெயிலில் வெந்துபோகும். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை சீப்பால் வாரி அடிப்பஞ்சை எடுத்தாலே காற்றுப் போகும். அந்த வேலையை மகளிடமே கொடுங்கள். நாயை ஆசைப்பட்டுக் கேட்டவருக்கு அதில் ஒரு பங்கு இருக்கட்டும். நெருஞ்சி முள் விரலிடுக்கில் சிக்குவதையும் அப்போதே கண்டுபிடிக்கலாம்.

ஷிட்சுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். அமைதியான நாய்தான். அதற்கும் முகம் கட்டை, முடி ஓயாமல் வளரும், கண்ணில் மணல் போனால் புண்ணாகும். மணல் வளவுக்கு வேண்டாம். மினியேச்சர் பின்ஷர் வெயில் தாங்கும், நோய்நொடி குறைவு. ஆனால் கேற் ஒரு சாண் திறந்தால் தெருவில் நிற்கும், நிறமும் வெளிர் அல்ல. பிள்ளைகள் வந்துபோகிற வீட்டில் கேற் எப்போது மூடியிருக்கும்?

இனி மாமியின் கட்சி. ஊர் நாய்க்கு இந்த வெயிலும் ஈரமும் புதிதல்ல. முகம், முதுகு, கால் எல்லாம் இயற்கை வைத்த அளவில் இருக்கும். இனநாய்களுக்கு வரும் பரம்பரை வியாதிகளில் பல அதற்குக் குறைவு. மாமி சொன்னது அனுபவத்தில் வந்த பேச்சு. ஒரே சிக்கல், முழு ஊர் நாய் பன்னிரண்டு பதினைந்து கிலோவுக்கு வளரும். பொல்லூன்றி நடப்பவருக்கு அது அதிகம். ஆகவே, ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் உள்ள, வெளிர் நிறமான, ஆறேழு கிலோ எடையுள்ள ஸ்பிட்ஸ் கலப்புப் பெட்டை நாய் ஒன்றைத் தேடுங்கள். மகளுக்கு வெள்ளைப் பஞ்சு முடி, கணவருக்குக் குரல், மாமிக்குப் பாதி ஊர் நாய். மகனுக்குத்தான் ஏமாற்றம். நடத்திக் கூட்டிப்போகும் பொறுப்பு முழுவதும் அவனுடையது என்று சொல்லிப் பாருங்கள், பதினொரு வயதுக்கு அதுவே பதவிதான்.

ஏன் வளர்ந்த நாய்? குட்டி எந்த அளவுக்கு வளரும் என்று கலப்பில் யாராலும் சொல்ல முடியாது, வளர்ந்ததை நிறுத்துப் பார்க்கலாம். குணம் தெரிந்துவிடும். செருப்பு கடிக்கிற பருவம் போயிருக்கும். வெளியே போய் மூத்திரம் பெய்யப் பழகியிருந்தால், மாமி நாளுக்கு ஏழெட்டுத் தடவை குனிந்து தரை துடைக்க வேண்டியதில்லை. 'வளர்ந்த நாய் ஒட்டாது' என்பது வெறும் பேச்சு. தீன் வைக்கிற கையையும் கூட இருக்கிற ஆளையும் அது சில கிழமைகளிலேயே பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், இடமாற்றம் கிடைத்துக் கொழும்புப் பக்கம் போகிறவர்கள் நல்ல வீட்டில் நாயை விட்டுப்போக ஆள் தேடுவது நம் பக்கத்தில் நடக்கிறதுதான். உங்கள் பாடசாலை ஆசிரியர் அறையிலும் கணவரின் வங்கியிலும் சொல்லி வையுங்கள். உங்கள் பகுதி மிருக வைத்தியரிடமும் சொல்லுங்கள், யார் வீட்டு நாய் எப்படி என்று அவருக்குத் தெரியும்.

பார்க்கப் போகும்போது மாமியையும் ஓட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போங்கள். அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, நாய் அருகே வரட்டும். பொல்லு கைதவறியது போலக் கீழே விழட்டும். நாய் திடுக்கிட்டு ஒதுங்கி, பிறகு மெல்ல வந்து மணந்து பார்த்தால் நல்லது. பல்லைக் காட்டினாலோ, கட்டிலுக்குக் கீழே ஓடி அரை மணித்தியாலம் வராமல் இருந்தாலோ அந்த நாய் வேண்டாம். பிறகு அதை முற்றத்தில் ஓடவிட்டுப் பின்னங்காலைக் கவனியுங்கள். சின்ன நாய்களில் சில, ஓடும்போது ஒரு பின்னங்காலை இரண்டு மூன்று எட்டுக்குத் தூக்கிக்கொண்டு நொண்டி, அடுத்த எட்டில் ஒன்றும் நடக்காதது போல ஓடும். விளையாட்டு என்று வீட்டுக்காரர் சொல்வார். முழங்கால் சில்லு இடம் நழுவுகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். உதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல்லீறைப் பாருங்கள், ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். முரசு வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ குடற்பூச்சியோ இருக்கலாம். காது மடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்கையும் விரித்துப் பார்த்தால் உண்ணி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் பிள்ளைகளின் பிடிவாதத்தில் குட்டிதான் எடுப்பீர்கள் என்றால், எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டியை எடுக்காதீர்கள். விற்பவர் சொல்கிற வயதை நம்ப வேண்டியதில்லை, வாயைத் திறந்து பாருங்கள். பால் முன்பற்கள் மூன்றாம் கிழமையளவில் முளைக்கத் தொடங்கும், எட்டாம் கிழமையளவில் 28 பாற்பற்களும் இருக்கும். 'இரண்டு மாதம்' என்று சொல்லப்படும் குட்டிக்குக் கடவாய்ப் பக்கம் முரசு வெறுமையாக இருந்தால், அதற்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இணையத்தில் படம் பார்த்துக் காசை அனுப்பி, கொழும்பிலிருந்தோ குருநாகலிலிருந்தோ இரவு பஸ்ஸில் மட்டைப் பெட்டிக்குள் குட்டியை வரவழைக்கிற பழக்கத்தை நான் வெறுக்கிறேன். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ கிருமி உடலுக்குள் போய் நோய் வெளிப்பட மூன்று முதல் ஏழு நாள் வரை பிடிக்கும். விற்ற இடத்தில் தொற்றிய கிருமி, வாங்கியவர் வீட்டில் இரத்தக் கழிச்சலாக வெளிவரும். குட்டி செத்த பிறகு 'எங்கள் ஊர்க் காற்று அதுக்கு ஒத்துவரவில்லை' என்று சொல்லிக்கொண்டு அதே ஆளிடம் அடுத்த குட்டியை வாங்குகிறார்கள். அந்தக் கிருமி வளவு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால் இரண்டாவதும் போகும்.

நாய் வந்தபின் ஊசிக் கணக்கு எளிது. விசர்நாய்க்கடித் தடுப்பூசி வருடம் ஒரு தடவை. அரசு நடத்தும் முகாம்களில் அது இலவசம், உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) திகதி கேளுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி தனியாக இருக்கிறது, அதற்குக் காசு கொடுக்க வேண்டும். வெள்ளம் வந்து வடிகிற ஊரில் எலிக்காய்ச்சல் ஊசியைத் தவறவிடக்கூடாது. நோய் பிடித்த நாயின் மூத்திரத்தால் அது மனிதருக்கும் தொற்றும். பிரதேச சபையில் நாயைப் பதிந்துவிடுங்கள். ஊசி போட்ட நாயே விளையாட்டில் பல் பதித்தாலும் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 'வீட்டு நாய்தானே' என்று மகள் மறைத்துவிடாமல் முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

நம் பக்கத்தில் சின்ன நாய்களின் முதல் எதிரி உண்ணி. நாயில் இரத்தம் குடித்த பெட்டை உண்ணி இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது, விறாந்தை வெடிப்புகளைச் சீமெந்தால் பூசி அடைக்க வேண்டும். மாதாமாதம் நிறைக்கேற்ற உண்ணி மருந்து கொடுங்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடியைத் தண்ணீரில் கலந்து நாயில் பூசுகிறவர்கள் படுவான்கரையில் மட்டுமல்ல, பட்டணத்திலும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் தேய்க்கிறவர்களும் உண்டு. ஆறு கிலோ நாயை உண்ணிக்கு முன்பே அது கொன்றுவிடும்.

தீன் பொறுப்பு மாமியிடம் போகும், அதனால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சோறும் முள் எடுத்த அவித்த மீனும் நல்லது. உப்பு, மிளகாய், வெங்காயம் இல்லாமல். ஆணம் ஊற்றிக் குழைத்த மிச்சச் சோறு வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கும், அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வைகாசியில் அம்மன் சடங்குக் காலத்தில் வீட்டில் மீன் இறைச்சி நின்றுவிடும். அந்த நாட்களுக்குக் கடையில் விற்கும் உலர் தீனை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி வையுங்கள், திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும். ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் ஒரு மாரி பிஸ்கட் என்று மாமி கொடுக்கத்தான் போகிறார். ஒன்றை நாலாக உடைத்து அன்றைக்கு அவ்வளவுதான் என்று பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மாமியின் சீனிக் குளிசை கைதவறி விழுந்தால் தேடி எடுத்துவிட வேண்டும். நாய் விழுங்கினால், சில வகைக் குளிசைகளால் அதன் சீனி இறங்கி வலிப்பு வரலாம். காய்ச்சல் என்று நாய்க்குப் பனடோலும் கொடுக்கக்கூடாது.

அடுத்த வீட்டாரிடம் நாய் வருவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாயின் எச்சில் பட்டால் உடுப்பைக் கழுவித் தூய்மை செய்த பிறகே தொழவேண்டும் என்பது அவர்களின் மார்க்க ஒழுங்கு. ஓதப் போகிற பிள்ளையின் மேல் நாய் பாய்ந்து நக்கினால் அந்தத் தாய்க்கு வேலையும் சங்கடமும். பிள்ளைகள் வருகிற நேரம் நாய் பின்விறாந்தையில் இருக்கட்டும். இடுப்பளவில் ஒரு கம்பிவலைக் கதவு போட்டால் போதும். அந்தக் கதவு மாமிக்கும் உதவும், அவர் குசினியில் நிற்கும்போது நாயை அந்தப் பக்கம் விடலாம். இரவுக் குரைப்புக்கு நாயை உள்ளே படுக்க வைப்பதுதான் பரிகாரம்.

பெட்டை என்று சொன்னேன், உங்கள் கணவர் முகம் சுளிப்பார். கடுவன் என்றால் தெருவில் பெட்டைக்கு இணைசேரும் பருவம் வரும் நாட்களில் கேற்றைத் தாண்டப் பார்க்கும், கதிரைக் காலெல்லாம் நனைக்கும். பெட்டைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. செய்யாமல் விட்டால், சுற்றித் திரியும் கட்டாக்காலி நாய்களில் பெரியது ஒன்று மதிலேறி வந்துவிடும். ஆறு கிலோ நாயின் வயிற்றில் பெரிய நாயின் குட்டிகள் வளர்ந்தால், அறுபத்து மூன்று நாள் கழித்து நடு இரவில் குட்டி ஈன முடியாமல் தவிக்கலாம். வயதானால் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள்.

கடைசியாக அண்ணாவின் காசு. நாயை விலைக்கு வாங்க அது தேவைப்படாது, நான் சொன்ன மாதிரியான நாய் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். கருத்தடை, முதல் வருட ஊசிகள், உண்ணி மருந்து, பின்விறாந்தைக் கம்பிக் கதவு, சீற்றுக்குக் கீழே ஒரு சீலிங், கழுத்தை இறுக்காத மார்புப் பட்டி ஒன்று. இவற்றுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சீலிங் போட்டால் மாமிக்கும் பகலில் பின்பாதியில் இருக்கலாம். சின்ன நாய்கள் பன்னிரண்டு, பதினாலு வருடம் வாழும் என்பதையும் அண்ணாவிடம் சொல்லிவையுங்கள், ஒருமுறை அனுப்பிவிட்டுக் கணக்கு முடிந்தது என்று இருந்துவிட முடியாது. நாயைக் கூட்டி வருவது பாடசாலை விடுமுறை தொடங்கும் நாளில் இருக்கட்டும். முதல் இரண்டு கிழமையும் நீங்கள் வீட்டில் நின்று, மாமியையும் நாயையும் ஒருவருக்கொருவர் பழக்கிவிட்டு வேலைக்குப் போங்கள்.